காலாங் படுகையில் 21 மீட்டர் ஆழத்தில் மர வேர்கள்: இவை எப்படி அங்கே போயின?

ஆழத்துளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானத்துக்கு முன்பு நிலத்தடி மண்ணைத் துளையிட்டுச் சோதிக்கும் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். இத்தனை காலத்தில் கடல் களிமண்ணை நூறு முறையாவது வெளியே எடுத்திருப்பேன். ஆனால் சென்ற மாதம் சிங்கப்பூரின் காலாங் படுகையில் ஒரு துளையில் கண்டது மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன். தளத்தின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அந்த இடத்தின் தரைமட்டம் ஆர்எல் (தளங்களில் மீட்டரில் எழுதும் உயர அளவு) 103.2. மேலே ஏறத்தாழ 4 மீட்டருக்கு நிரப்பு மண். அதற்குக் கீழே 21 மீட்டர் வரை நீலச் சாம்பல் நிறக் கடல் களிமண். எஸ்பிடி சோதனையில் (கம்பியைச் சம்மட்டியால் அடித்து இறக்கி மண்ணின் இறுக்கத்தைப் பார்ப்பது) சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்பே கம்பி தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிட்டதால் N மதிப்பை, அதாவது அடிகளின் எண்ணிக்கையை, சுழி என்றே குறித்தேன். 21.0 மீட்டரில் திடீரென்று நிறம் மாறியது. சுமார் 40 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கரும்பழுப்பு நிறத்தில், கையால் பிய்த்தால் நார்நாராக வரும் மண். அதன் நடுவே என் சுண்டுவிரல் தடிமனில் வேர் போன்ற ஒன்று, கீழேயுள்ள கெட்டியான செம்பழுப்புக் களிமண்ணுக்குள்ளும் இறங்கியிருந்தது. கத்தியால் வெட்டிப் பார்த்தபோது உள்ளே செங்கல் நிறம் தெரிந்தது. குழாயைத் திறந்த நொடியிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

மேற்பார்வைப் பொறியாளர் போர்லாக்கில் (துளையின் மண் பதிவுத் தாளில்) ‘ஈ’ என்று எழுதச் சொல்லிவிட்டு அடுத்த துளைக்குப் போய்விட்டார். ‘ஈ’ என்றால் கழிமுகப் படிவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடல் களிமண்ணுக்குக் கீழே, இருபது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வேரூன்றிய நிலையில் மரம் இருக்கிறது என்றால் அங்கே தரை கீழே அமிழ்ந்ததா, அல்லது கடல் மேலே ஏறியதா? இன்னொன்று: மாதிரியில் ஒரு துண்டைத் திறந்த பையிலேயே கன்டெய்னரில் மறந்து வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அதன் மேல் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் பூத்திருக்கின்றன. அது பூஞ்சையா?

பழைய மேஸ்திரி எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன்பு ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கடைவீடுகளுக்கு அடித்தளமாகப் பாக்காவ் என்னும் கண்டல் மரக் கட்டைகளைத்தான் அடித்தார்கள். பழைய வீடுகளை இடித்த இடங்களில் அவற்றைக் கட்டுக்கட்டாக வெளியே இழுத்திருக்கிறேன். ஈரத்திலேயே இருப்பதால் எத்தனை ஆண்டானாலும் உளுக்காது, வெட்டினால் நீங்கள் சொல்லும் அதே செங்கல் நிறந்தான். துளைக்கும்போது அப்படி ஒரு கட்டையின் மீது இடித்துவிட்டு, தானாக வளர்ந்த மரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆழத்துளை எழுதியது:

நன்றி ஐயா. முதலில் எனக்கும் அந்த ஐயம் வந்தது. ஆனால் பாக்காவ் கட்டைகள் சில மீட்டர் நீளந்தான். 21 மீட்டருக்கு எட்ட வாய்ப்பில்லை. மேலும் இது நேராக நிற்கவில்லை. கிளைத்து, மெல்லிய பக்க வேர்களோடு நான்கு பக்கமும் பரவியிருக்கிறது. பட்டையின் மேல் சுத்தியல் பட்ட அடையாளமும் இல்லை.

களிமண் கோப்பு எழுதியது:

நீங்கள் கொடுத்திருக்கும் வரிசை அப்படியே பாடநூல் வரிசை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆழத்தை உயரமாக மாற்றிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 21 மீட்டர் என்ற எண் ஒன்றையும் சொல்லாது. ஏனென்றால் தரையை நாம் நான்கு மீட்டர் உயர்த்தியிருக்கிறோம். நம் தளங்களில் எழுதும் ஆர்எல், குறை எண் வராமல் இருப்பதற்காகச் சிங்கப்பூரின் உயர அடிமட்டத்திலிருந்து (ஏறத்தாழச் சராசரிக் கடல்மட்டம்) அளந்த உயரத்தோடு நூறைக் கூட்டி எழுதுவது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே உங்கள் பழுப்பு அடுக்கின் மேல்விளிம்பு ஆர்எல் 82.2, அதாவது சராசரிக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 17.8 மீட்டர் கீழே, அடிவிளிம்பு 18.2 மீட்டர் கீழே.

இனி அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அந்தக் கெட்டியான செம்பழுப்புக் களிமண்ணும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த மென்களிமண்தான். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகின் நீரில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சிங்கப்பூர் அப்போது தீவே அல்ல. சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றோடு இணைந்த சுண்டா நிலத்தின் நடுவிலிருந்த ஒரு மேட்டுப்பகுதி. கடல் விலகிய அந்த நீண்ட காலத்தில் பழைய களிமண்ணின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் காய்ந்து, இரும்பு துருப்பிடித்துச் சிவந்து, இறுகிப்போனது. உங்கள் எஸ்பிடி கம்பி அங்கே போய் முட்டியதும் N மதிப்பு சட்டென்று ஏறியிருக்குமே, அதற்குக் காரணம் களிமண் இப்படிக் காய்ந்து இறுகியதுதான். அதற்கும் கீழே தொடர்ந்து துளைத்திருந்தால் மறுபடியும் சாம்பல் நிற மென்களிமண் வந்திருக்கக்கூடும். நாம் மேல் கடல் களிமண், கீழ்க் கடல் களிமண் என்று பிரித்துச் சொல்வது இதைத்தான்: இரண்டு கடல்கள், நடுவே ஒரு நிலம்.

அந்த நிலத்தின் மீதுதான் உங்கள் மரம் வேரூன்றியிருக்கிறது. பனி உருகிக் கடல் திரும்பி வந்தபோது காலாங் பள்ளத்தாக்கில் முதலில் நுழைந்தது ஆழ்கடல் அல்ல. ஏற்றவற்றம் எட்டிப்பார்க்கும் உப்புச்சேறும் அதில் முளைத்த கண்டல் காடும். பிறகு நீர் மேலும் ஏற, காடு மூழ்க, அதன் மீது கிளிஞ்சல் கலந்த சாம்பல் களிமண் படிந்தது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: தரை அமிழவில்லை, கடல்தான் ஏறியது. (கடல்கோள், குமரிக்கண்டம் என்று யாரேனும் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இது ஓரிரவில் நடந்த வெள்ளமல்ல.)

தரை அமிழவில்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சிங்கப்பூர் பழைய பனிப்பாளங்களிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், ஸ்காண்டிநேவியாவைப் போல் பனியின் சுமை இறங்கியபின் நிலம் பெரிய அளவில் எழும்பும் சிக்கல் இங்கே இல்லை. கடல்மட்ட ஆய்வாளர்கள் நம் பகுதியை விரும்பி நாடுவது அதனால்தான். இரண்டாவது உங்கள் மாதிரிக்கே உரிய சிறப்பு. மென்களிமண்ணின் நடுவே கிடக்கும் கரிமப் படிவு, அடியிலுள்ள களிமண் நசுங்க நசுங்கத் தானும் கீழே இறங்கிவிடும். அதன் இன்றைய உயரத்தை நம்பிப் பழைய கடல்மட்டத்தைக் கணக்கிட முடியாது. உங்களுடையதோ இறுகிய பழைய தரையின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. மேலே நிரப்பு மண்ணைக் கொட்டினாலும் அந்த இறுகிய தரை மென்களிமண்ணைப் போல் நசுங்காது.

காலத்தைப் பற்றி: மரினா சவுத்தில் நிலத்தடியில் 40 மீட்டர் வரை எடுத்த படிவுகளை ஆராய்ந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் புவி ஆய்வகத்தின் குழு 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 21 மீட்டர் தாழ்ந்திருந்தது என்றும், அப்போது ஆண்டுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது என்றும், அங்கிருந்த கண்டல் காடு சுமார் 300 ஆண்டுகளே நிலைத்திருந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். அந்த வேகத்தை உங்கள் உயரத்துக்குப் பொருத்தினால் மூன்று மீட்டர் வேறுபாட்டுக்கு 200 முதல் 300 ஆண்டு ஆகும். ஆகவே உங்கள் மரம் ஏறக்குறைய அதே காலத்தது, சற்றே பிந்தியது என்பது என் ஊகம். ஊகந்தான், கரி-14 சோதனை (எஞ்சியிருக்கும் கரியை, அதாவது கார்பனை, அளந்து வயதைக் கணிப்பது) செய்யாமல் யாரும் இதை முடிவாகச் சொல்லக் கூடாது.

மஞ்சள் புள்ளி பூஞ்சையல்ல. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி இலைதழையைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. உங்கள் மூக்கில் அடித்தது அதுதான். அது இரும்போடு சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாக மண்ணில் தங்கிவிடுகிறது. பத்தாயிரம் ஆண்டு நீருக்குள் அமைதியாகக் கிடந்த அதை நீங்கள் காற்றில் வைத்தீர்கள். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறியது. அந்த வைக்கோல் நிறம் ஜாரோசைட் என்ற கனிமமாக இருக்கும். கடும் அமிலத்தன்மையில்தான் அது உருவாகும். பிஹெச் தாளை நனைத்து வைத்துப் பாருங்கள். தோண்டி எடுத்த இந்த மண்ணைத் தளத்தில் குவித்து மழையில் விட்டால் வழிந்தோடும் நீர் புளிக்கும், கான்கிரீட்டையும் அரிக்கும். ‘ஈ’ என்ற ஓரெழுத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் பொறியாளரிடம் நயமாகச் சொல்லலாம்.

நெய்தல்நிலம் எழுதியது:

களிமண் கோப்பு எழுதியதோடு எனக்குப் பெரிதும் உடன்பாடே. ஆனால் “காடு மூழ்க” என்ற ஒரு சொல்லில் மட்டும் தயக்கம். வார இறுதிகளில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் தன்னார்வலராகப் பார்வையாளர்களுக்கு வழிகாட்டுகிறேன். இந்த 300 ஆண்டுக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள், மரங்கள் அனைத்தும் ஒருசேர மடிந்ததாகவே புரிந்துகொள்கிறார்கள்.

கண்டல் மரம் வாழ்வதற்கு ஏற்ற இடம் மிகக் குறுகியது. சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர்ந்த ஏற்றத்தின் மட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டைதான் அதன் வீடு. சிங்கப்பூரின் பெரிய ஏற்றவற்ற வேறுபாடு மூன்று மீட்டர் அளவே என்பதால் அந்தப் பட்டையின் உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. (அழிந்த கண்டல் சேறு பழைய கடல்மட்டத்தைக் காட்டும் அளவுகோலாவதும் இதனால்தான்.) நீர் ஏறும்போது மரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நின்ற இடத்திலேயே தரையை உயர்த்திக்கொள்வது: சுரபுன்னையின் முட்டுவேர்களும் வெண்கண்டலின் மூச்சுவேர்களும் ஏற்றத்தில் வரும் வண்டலைப் பிடித்துவைக்கின்றன, சேற்றுக்குள் புதிதாக வளரும் மெல்லிய வேர்களும் தரையை உள்ளிருந்து உப்பச்செய்கின்றன. மற்றொன்று, இடம்பெயர்வது. மரம் நடக்காது, ஆனால் அதன் நாற்று மிதந்து போகும். முன்வரிசை மரங்கள் நீரில் மடிய, பின்னால் நேற்றுவரை நன்னீர்க் காடாக இருந்த இடத்தில் புதிய நாற்றுகள் ஊன்றுகின்றன.

ஆகவே 300 ஆண்டு என்பது ஓரிடத்தில் காடு தங்கிய காலம், அவ்வளவே. மரினா சவுத்தில் முடிந்த காடு, சற்றே மேட்டிலிருக்கும் உங்கள் தளத்தில் தொடர்ந்திருக்கலாம். அங்கிருந்து காலாங் பள்ளத்தாக்கில் இன்னும் உள்ளே போயிருக்கலாம். பிற்பாடு கடல் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து நின்று, பிறகு மெல்ல இறங்கியது. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளேயும் கடல் களிமண் கிடைப்பது அதனால்தான்.

தரையை உயர்த்திக்கொள்ளும் முதல் வழிக்கு ஒரு வேக எல்லை உண்டு. உலகெங்கும் 78 இடங்களில் கடந்த பத்தாயிரம் ஆண்டுக் கண்டல் படிவுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கடல்மட்டம் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் கண்டல் காடுகள் ஈடுகொடுக்கமாட்டா என்பதற்கு 90 விழுக்காட்டுக்கும் அதிகமான வாய்ப்பு இருப்பதாக அது காட்டியது. உங்கள் மரம் நின்ற காலத்தில் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கு. இன்று உலகச் சராசரி 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் வெளியான நம் தேசியப் பருவநிலை ஆய்வின்படி, உலகின் கரிம வெளியீடு குறையாவிட்டால் 2100க்குள் சிங்கப்பூரின் சராசரிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். நூறாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் பகிர்ந்து பாருங்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். நேர்கோட்டில் ஏறாது, தொடக்கத்தில் குறைவாகவும் பிற்பாதியில் அதிகமாகவும் இருக்கும் என்பது உண்மை; இருந்தாலும் அந்த எண் உங்கள் துளையில் கிடைத்த காட்டின் காலத்து எண்களோடு ஒத்துப்போவதை நான் முதன்முதலில் கணக்குப் போட்டபோது இருமுறை சரிபார்த்தேன்.

ஒரே வேறுபாடு, இரண்டாவது வழி இன்று அடைபட்டிருக்கிறது. 1819இல் சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு கண்டல் காடாக இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். இன்று அது ஒரு விழுக்காட்டையும் எட்டுவதில்லை, எஞ்சியதற்கும் பின்னால் பெரும்பாலும் கரைமேடோ சாலையோ நிற்கிறது. அதனால்தான் தரை எவ்வளவு உயர்கிறது என்பதை ஆய்வாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். இனி இறங்காது என்ற ஆழம்வரை ஓர் உலோகக் கம்பியைச் சேற்றில் அடித்து, அதன் தலையில் கிடையாக ஒரு கையைப் பொருத்தி, அதிலிருந்து வரிசையாக ஊசிகளைச் சேற்றின் மேற்பரப்பைத் தொடும்வரை இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் அதே ஊசிகள். நண்டு வளை ஒன்று ஊசிக்கு நேராக வந்துவிட்டால் அந்த அளவைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். ஊசியை இறக்குபவர் பக்கத்துச் சேற்றில் கால் வைத்துவிட்டால் ஓராண்டு உழைப்பு வீண் என்பதால் பலகையின் மேல் இருந்தபடிதான் வேலை செய்வார்கள்.

கடைசியாக ஒன்று, பேச்சோடு பேச்சாக: நம் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம் சுங்கை பூலோவிலும் நிற்கிறது. பிச்சாவரத்தில் படகு விட்டவர் யாரேனும் இங்கே வந்தால் பாதி மரங்களுக்குப் பெயர் சொல்லிவிடுவார்.

களிமண் கோப்பு எழுதியது:

“மூழ்க” என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த இடத்தில் மூழ்கியது, காடு நகர்ந்தது என்பதே சரி.

ஆழத்துளை அவர்களுக்கு மாதிரியைப் பற்றி ஒரு குறிப்பு. சோதனைக்குக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் வேரை முதலில் கொடுக்க வேண்டாம். வேர் மேலிருந்து கீழே துளைத்து இறங்குவது. அது கிடக்கும் மண்ணைவிட வயதில் இளையது. கிளிஞ்சலும் சிக்கல், ஏனெனில் கடல்நீரிலேயே பழைய கரி கலந்திருப்பதால் சில நூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். பழுப்பு அடுக்கில் இலைத்துணுக்கோ விதையோ கிடைத்தால் அதுவே நல்லது. துளையில் பாலிமர் கலந்த நீரைப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் கரி உண்டு. வெளிப்புறத்தை ஒரு சென்டிமீட்டராவது சீவிவிட்டு, பஞ்சு, காகிதம் எதிலும் சுற்றாமல் அலுமினியத் தாளில் மடித்துக் குளிரில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு தளத்தின் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றுவிடுங்கள். மாதிரி உங்களுடையது அல்ல.

பழைய மேஸ்திரி எழுதியது:

பாக்காவ் கட்டை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அதே மரந்தான், நாங்கள் அடித்ததற்கு ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன்பே தானாக நின்றது என்றால் எனக்கும் மகிழ்ச்சியே. 2004இல் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் இறந்தபோது இந்த மென்களிமண்ணைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். அதற்கு அடியில் ஒரு காடு இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

ஆழத்துளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிஹெச் தாளை இன்று காலை மஞ்சள் புள்ளியின் மேல் வைத்தேன். 3க்கும் கீழே காட்டியது. மேற்பார்வைப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தோண்டும் மண்ணைத் தனியாகக் கையாளுவது குறித்து எழுதச் சொல்லியிருக்கிறார், அனுமதிக் கடிதத்தையும் தாமே அனுப்புவதாகச் சொன்னார். மிச்சமிருந்த பழுப்பு மண்ணில் உலர்ந்துபோகாத பகுதியைச் சீவிப் பார்த்ததில் கட்டைவிரல் நக அளவில் இரண்டு இலைத்துணுக்குகள் கிடைத்தன, நரம்பு தெரிகிறது. அலுமினியத் தாளில் மடித்து, தள அலுவலகக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், “சாப்பாடு அல்ல” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த துளை வியாழக்கிழமை, இதற்கு வடக்கே 60 மீட்டர் தள்ளி, பள்ளத்தாக்கின் மேட்டுப் பக்கத்தில். நெய்தல்நிலம் சொல்வதுபோல் காடு உள்நோக்கி நகர்ந்திருந்தால் பழுப்பு அடுக்கு அங்கே ஆர்எல் 82ஐவிடச் சற்று மேலே தொடங்க வேண்டும் அல்லவா? இந்த முறை 18 மீட்டரிலிருந்தே இடைவெளி விடாமல் மாதிரி எடுக்கப் போகிறேன். எண் கிடைத்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.